வெனிலா தீர்ந்த அன்று

எனக்குப் பதினாறு வயது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். தூத்துக்குடி வீட்டில் அம்மா எட்டு முட்டையை உடைத்து, சர்க்கரையோடு சேர்த்து நுரை வரும்வரை அடித்து முடித்துவிட்டு, வெனிலா எசென்ஸ் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. தம்பியைக் கடைக்கு விரட்டினாள். பாதிக் கடை மூடியிருந்த நேரம், அவன் அலைந்து திரிந்து ஒரு பாதாம் எசென்ஸ் பாட்டிலோடு வந்தான். "வெனிலா இல்லையாம்மா, இதுவும் கேக்குக்குத்தான் ஊத்துவாங்களாம்." அடித்த முட்டை அமுங்கிக்கொண்டிருக்கிறது, ஓவன் சூடாகிவிட்டது, யோசிக்க நேரம் இல்லை. வெனிலாவுக்கு எத்தனை மூடி ஊற்றுவாளோ அதே நான்கு மூடியை ஊற்றினாள்.

கேக் நன்றாகத்தான் உப்பி வந்தது. நிறமும் குறைசொல்ல முடியாத நிறம். ஆனால் வெட்டியதும் வீடு முழுக்க ஒரு வாடை. அப்பா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மெதுவாகத் தட்டில் இறக்கினார். "மருந்து மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, வெனிலா முட்டை வாடையைத்தான் அடக்கும். இது கேக்கையே முழுங்கிட்டே" என்றாள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் கேள்வி அன்றைக்கு அம்மாவுக்கு வந்த அதே கேள்விதான். வெனிலா இல்லை, பைனாப்பிள் ஊற்றலாமா? ரோஸ் எசென்ஸ் இருக்கிறது, பரவாயில்லையா? ஏலக்காய் போட்டால் போதுமா? நான் பதில் சொல்வதற்கு முன்னால் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேக்கில் எசென்ஸுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? அது தெரிந்தால்தான் அந்த இடத்தில் வேறு எதை உட்காரவைக்கலாம் என்று சொல்ல முடியும்.

நம் வீடுகளில் வெனிலா ஊற்றுவதற்குச் சொல்லும் காரணம் அம்மா சொன்னதேதான். முட்டை வாடை போகணும். வாசனைக்காக என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எசென்ஸ் அந்த வாடையைப் போக்குவது கிடையாது, மேலே ஒரு போர்வை போடுகிறது, அவ்வளவுதான். வாடையே குறைய வேண்டும் என்றால் அது முட்டையிலேயே பார்க்க வேண்டிய வேலை. முட்டை புதுசாக இருக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடைக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும், சர்க்கரையோடு நன்றாக அடிக்க வேண்டும், நடுப்பகுதி வேகாமல் எடுத்துவிடக் கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் வெனிலா இல்லாமலே பாதிக் கவுச்சி அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு எலுமிச்சைத் தோல் துருவல் போதும். அரைக் கிலோ கேக்குக்கு ஒரு பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவி, சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனியால் கசக்குங்கள். ஒரு நிமிஷத்தில் சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி, கை முழுக்க வாசம் ஏறிவிடும். தோலில் இருக்கும் எண்ணெய் சர்க்கரைக்குள் இறங்கியதற்கு அதுதான் அடையாளம். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோலைத் தொட்டுவிட்டால் கசக்கும், அங்கே மட்டும் நிதானம் வேண்டும். சிலர் தோலுக்குப் பதிலாகச் சாற்றைப் பிழிந்துவிடுகிறார்கள். சாற்றில் புளிப்புதான் அதிகம், வாசம் கொஞ்சம். அது ஆப்பசோடாவோடு சேர்ந்து பொங்கி, கேக் உப்பும் கணக்கையே மாற்றிவிடும்.

முட்டையில்லாத கேக்குக்கு இந்தப் பேச்சே வேண்டாம். தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் போட்டுச் செய்வதில் மறைக்க வேண்டிய வாடை ஒன்றும் இல்லை. இருந்தும் பழக்கத்துக்கு ஒரு டீஸ்பூன் வெனிலாவை ஊற்றிவிடுகிறோம். அங்கே வெனிலா செய்வது வேறு வேலை. இனிப்பை இன்னும் கொஞ்சம் இனிப்பாகத் தோன்றவைக்கிறது. அதை விட்டுவிட்டு ஏலக்காய் போட்டாலும், ஒன்றுமே போடாவிட்டாலும் கேக் கெட்டுப்போகாது. நல்ல வெண்ணெய் போட்ட கேக்குக்கு வெண்ணெய் வாசமே ஒரு வாசம்தான்.

பாதாமுக்கு வருகிறேன். அன்று என்ன நடந்தது என்று புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. நாம் ஊறவைத்துத் தோலுரித்துத் தின்னும் பாதாமுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் வாசனையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கைப்பிடி பாதாமை அரைத்து முகர்ந்து பாருங்கள், லேசான பால் வாசம்தான் வரும். பாட்டிலில் இருப்பது பென்சால்டிஹைடு. கசப்புப் பாதாமிலும், ஆப்ரிகாட் பீச் மாதிரிப் பழங்களின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலும் உள்ள ஒரு பொருள் உடையும்போது பிறக்கும் வாசனை அது. இயற்கையானது என்று போட்டு விற்கும் பாதாம் எக்ஸ்ட்ராக்டிலேயே பல பாட்டில்கள் ஆப்ரிகாட் பருப்பிலிருந்து எடுத்தவைதான். வெனிலாவோடு பார்த்தால் இது பல மடங்கு முரட்டு வாசனை. ஒரு டீஸ்பூன் வெனிலா கேட்கும் இடத்தில் கால் டீஸ்பூனுக்கு மேல் போகவே கூடாது. நான் அரைக் கிலோவுக்கு நாலு சொட்டில் நிறுத்திவிடுவேன். அந்த அளவில் அது எவ்வளவு நல்ல வாசனை என்பது அம்மாவுக்கு அன்று தெரியவே வழியில்லாமல் போனது. செர்ரிப் பழம் போட்ட கேக்கில் அந்த நாலு சொட்டு சேரும்போது பழமே இன்னும் பழுத்த மாதிரி இருக்கும்.

அளவு என்றதும் அந்த மூடிக்கணக்கைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் எசென்ஸைப் பாட்டில் மூடியில்தான் அளக்கிறோம். "ஒரு மூடி வெனிலா" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒருநாள் வீட்டில் இருந்த ஐந்து பாட்டில் மூடிகளையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி டீஸ்பூனில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சின்ன பாட்டில் மூடி அரை டீஸ்பூனைக்கூட எட்டவில்லை. இன்னொன்றின் மூடி ஒரு டீஸ்பூனைத் தாண்டி வழிந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்! உள்ளே இருக்கும் அடைப்புதான் வித்தியாசம். பாட்டிலை மாற்றினால் மூடியும் மாறும், கூடவே அளவும் மாறும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மி.லி. பிடிக்கும் ஒரு டீஸ்பூன் அளவுக்கரண்டி வாங்குங்கள், சொட்டுக்கணக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் டிராப்பர் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் மாற்றிப் போடுகிற விஷயத்தில் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து சூடு. பேக்கரி பைனாப்பிள் கேக்கை நினைத்துக்கொண்டு, பைனாப்பிள் எசென்ஸை மாவில் ஊற்றி வேகவைத்துவிட்டு, வாசமே இல்லை என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். நானும் பட்டிருக்கிறேன். வேகும்போது வீடெல்லாம் மணக்கும், அப்புறம் கேக்கில் தேடினால் இருக்காது. வீட்டுக்கு வந்த மணம் கேக்கை விட்டுப் போன மணம்தானே. அன்னாசி வாசனை தருகிற பொருள்களில் முக்கியமான ஒன்று எத்தில் பியூட்டிரேட், அது 121 டிகிரியில் கொதித்துவிடும். வாழைப்பழ எசென்ஸில் இருக்கும் ஐசோஅமைல் அசிடேட் 142 டிகிரி. வெனிலா வாசனைக்கு மூலமான வெனிலின் கொதிக்க 285 டிகிரி வேண்டும். நாம் ஓவனை 180-இல் வைத்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, உள்ளே ஈரம் இருக்கும்வரை தாண்டவும் முடியாது. ஆனாலும் அந்த ஈரம் ஆவியாகிப் போகும்போது லேசான வாசனைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. வெனிலின் கனமான ஆள், அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெனிலா ஏன் இத்தனை வருஷமாக எல்லாக் கேக்கிலும் நிற்கிறது என்பதற்கு, ருசி தவிர, எனக்குப் புரிந்த காரணம் இது.

ஆகவே பழ எசென்ஸ் எதையும் மாவில் வெனிலாவுக்கு மாற்றாக ஊற்றாதீர்கள். பேக்கரியில் அதைச் சர்க்கரைப் பாகில் கலந்து, வெந்து ஆறிய கேக்கின் மேல் தடவுகிறார்கள், கிரீமில் சேர்க்கிறார்கள். அடுப்பையே பார்க்காத இடத்தில் அதற்கு வேலை. நாமும் அப்படியே செய்யலாம். பிஸ்கட்டுக்கு இந்த விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெல்லியதாக, ஈரமே இல்லாமல் காய்ந்து வேகிற பண்டம் அது, கேக்கைவிட அதிகமாக வாசனையை இழக்கும். பிஸ்கட்டில் நான் எசென்ஸைக் குறைத்துக்கொண்டு ஏலக்காய், சோம்பு, சுக்கு என்று பொடிகளுக்குப் போய்விட்டேன்.

இதில் நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பாயசத்துக்கு ஏலக்காயை எப்போது போடுகிறோம்? இறக்குகிற நேரத்தில். ரசம் நுரை கட்டியதும் கொத்தமல்லியைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிடுகிறோம். கஸ்டர்டு, கேரமல் புட்டிங் சாஸ் மாதிரி அடுப்பில் காய்ச்சும் எதற்கும் அதே வழக்கம்தான், இறக்கிவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் எசென்ஸ். வெனிலா எக்ஸ்ட்ராக்டில், அதாவது நிஜ வெனிலாக் காயை ஊறவைத்து எடுத்த சாற்றில், ஆல்கஹால் இருக்கிறது, அது 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், போகும்போது கொஞ்சம் வாசத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகும்.

எசென்ஸில் எண்ணெய் வகை, தண்ணீர் வகை என்று இரண்டு உண்டு. தெரியாமல் ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றினால் வருகிற நஷ்டம் வேறு மாதிரி. இதை நான் மக்ரூனில் கற்றுக்கொண்டேன். தூத்துக்குடிக்காரிக்கு மக்ரூனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றும்தான். எங்கள் வீட்டில் எசென்ஸ் என்ற பேச்சே கிடையாது. ஒரு வருஷம் எனக்கு ஆசை வந்தது, ஆரஞ்சு வாசனையில் மக்ரூன் செய்தால் எப்படி இருக்கும் என்று. கையில் இருந்தது எண்ணெய் வகை ஆரஞ்சு ஃபிளேவர். வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கெட்டியாக நுரைத்து, பீட்டரைத் தூக்கினால் முனை நிற்கிற பதத்தில், அதை ஊற்றி மறுபடி அடித்தேன். கண் முன்னாலேயே நுரை பளபளப்பை இழந்து, தளர்ந்து, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஆறு வெள்ளைக்கரு வீண். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலே வெள்ளைக்கரு நுரைக்காது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் மஞ்சள் கருவில் இருக்கும் கொழுப்பு. ஆரஞ்சு எண்ணெயும் செய்தது அதே வேலை. இப்போது அந்த வாசனை வேண்டும் என்றால் கமலா ஆரஞ்சுத் தோலை நிழலில் காயவைத்துப் பொடித்து, முந்திரிப் பொடியோடு கலந்து கடைசியில் மெதுவாகச் சேர்க்கிறேன். தோலில் மிச்சம் இருக்கும் எண்ணெய் கொஞ்சம்தான், அதுவும் அடிப்பதெல்லாம் முடிந்த பிறகு போகிறது. நுரை நிற்கிறது.

சாக்லேட்டில் இதற்கு நேர் எதிர். உருக்கிய சாக்லேட்டில் தண்ணீரோ ஆல்கஹாலோ உள்ள எசென்ஸ் ஒரு சில சொட்டு விழுந்தாலும் கட்டி தட்டி, களிமண் மாதிரி ஆகிவிடும். அங்கே எண்ணெய் வகைதான் வேண்டும். கட்டி தட்டிப்போனால் தூக்கிப் போடாதீர்கள். சூடான கிரீமோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் இளகி வரும், அச்சில் ஊற்ற ஆகாது, ஆனால் கேக்குக்கு மேல் ஊற்ற நல்ல கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த குழம்பு, ஆகிவிடும். எண்ணெய் வகை ஃபிளேவர்கள் மற்றதைவிட வீரியமானவை. ஒரு டீஸ்பூனுக்குக் கால் டீஸ்பூன் என்று ஆரம்பித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஜா விஷயத்தில் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பன்னீர் வேறு, ரோஸ் எசென்ஸ் வேறு. பன்னீர் என்பது ரோஜா இதழை வடித்தெடுத்த தண்ணீர், மெல்லிய வாசம், அளவும் தாராளமாகச் சொல்லியிருப்பார்கள், இரண்டு டேபிள்ஸ்பூன் என்று. அந்த இடத்தில் எசென்ஸ் ஊற்றினால் மூன்று சொட்டு போதும். ஆனால் முப்பது மி.லி. ஈரம் குறைகிறதே, அதைப் பாலால் ஈடுகட்ட வேண்டும். அதை மறந்துவிட்டு, கேக் வறண்டுபோச்சு, ரோஸ் எசென்ஸ் சரியில்லை என்று எசென்ஸைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு எச்சரிக்கை, கல்யாண வாசலில் தெளிக்க வைத்திருக்கும் பன்னீரும், முகத்துக்குப் பூசுகிற பன்னீரும் வாயில் போடுவதற்கு இல்லை. பாட்டிலில் உணவுக்கானது என்று எழுதியிருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு வெனிலாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோப்புக்குப் போயிருந்தேன். தென்னைக்கு நடுவில் ஜாதிக்காய் மரங்கள், நிழலில் சின்ன மரங்களைப் பிடித்துக்கொண்டு ஏறிய வெனிலாக் கொடிகள். காலை ஏழு மணி இருக்கும். வெளிறிய பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூ விரிந்திருந்தது. தோப்பில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பல்குத்தும் குச்சி அளவுக்கு ஒரு ஈர்க்கைக் கையில் வைத்திருந்தார். பூவின் உதட்டை நகத்தால் கிழித்து விலக்கி, உள்ளே மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவில் இருக்கும் துளியூண்டு மடலை ஈர்க்கால் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. நான் கண் சிமிட்டுவதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விட்டார். "மத்தியானத்துக்குள்ள முடிச்சுறோணுங்க. அதுக்கப்புறம் பூ வாடிப்போயிருமுங்க." ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலை. பூப்பூவாக, கையால்.

மெக்சிகோவிலிருந்து வந்த கொடி இது, நம் பூச்சிகளுக்கு அந்தப் பூவைத் திறக்கத் தெரியாது. 1841-இல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில், எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்தான் இந்தக் கைவித்தையைக் கண்டுபிடித்தான். இன்றைக்குப் பொள்ளாச்சியில் அந்த அம்மா செய்வதும் அவன் காட்டிய வழிதான். அந்தப் பூ காயாகி முற்ற எட்டு ஒன்பது மாசம். அன்று கொடியிலேயே முந்தைய பூக்களின் பச்சைக் காய்கள் தொங்கின. ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்த்தேன். பீன்ஸ் மாதிரி இருந்தது, வெனிலா வாசம் கொஞ்சமும் இல்லை. காயைச் சுடுநீரில் முக்கி, போர்வையில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் மாசக்கணக்கில் உலர்த்தினால்தான் உள்ளே சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும் வெனிலின் பிரிந்து வாசம் வரும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ தேறும். 2000-களின் தொடக்கத்தில் விலை எகிறியபோது கேரளம், கர்நாடகம், நம் பக்கம் என்று எல்லோரும் வெனிலா நட்டார்கள், அடுத்த சில வருஷத்திலேயே விலை விழுந்து பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். தோப்புக்காரர் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

நம் கடையில் கிடைக்கும் எசென்ஸுக்கும் அந்தக் கொடிக்கும் தொடர்பு கிடையாது. 1858-இல் பிரான்ஸில் கோப்லி என்பவர் வெனிலினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1874-இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரத்திலிருந்து எடுத்த பொருளை வைத்து அதை உண்டாக்கினார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் குவாயகால் என்ற ரசாயனம்தான் மூலப்பொருள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த எசென்ஸ் இல்லாமல் நம் வீடுகளில் கேக்கே வந்திருக்காது. சில பாட்டில்களில் எத்தில் வெனிலின் இருக்கும், அது வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியம், கூடிப்போனால் கசக்கும். நிஜ எக்ஸ்ட்ராக்டிலோ வெனிலினோடு கூட இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வாசனைகள் இருக்கின்றன. வெந்த கேக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என் நாக்குக்கு முடியவில்லை. ஐஸ்கிரீமிலும், கஸ்டர்டிலும், பட்டர் கிரீமிலும் நன்றாகவே தெரிகிறது. எனவே விலை கூடின எக்ஸ்ட்ராக்டை அடுப்பைப் பார்க்காத பண்டத்துக்கு வைத்துக்கொண்டு, கேக் மாவுக்கு எசென்ஸையே ஊற்றுகிறேன்.

எக்ஸ்ட்ராக்டை வீட்டிலேயே போடலாம். அமெரிக்கக் கணக்கில் எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்ல லிட்டருக்குச் சுமார் நூறு கிராம் காய், குறைந்தது 35 சதவீத ஆல்கஹால் வேண்டும். கால் லிட்டர் பிராந்திக்கு 25 கிராம், அதாவது ஏழெட்டுக் காயை நெடுக்கே கீறிப் போட்டு, இருட்டான அலமாரியில் மூன்று மாசமாவது வைத்துவிடுங்கள்.

ஆனால் அந்த ஆல்கஹாலை மறக்கக் கூடாது. எங்கள் தெருவில் இருக்கும் இஸ்லாமிய அக்கா ஒருவர், பெருநாளுக்குக் கேக் சொல்ல வந்தவர், அடுக்களை வாசலில் நின்றபடி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏன் கண்ணு, தப்பா நெனச்சுக்காத, நீ ஊத்தற எசென்ஸுல ஆல்கஹால் ஏதாவது இருக்குதா?" அதுவரை நான் ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கி அந்தப் பொடி எழுத்தைப் படித்தோம். என் எக்ஸ்ட்ராக்டில் இருந்தது, எசென்ஸில் வாசனையைக் கரைத்துவைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் மட்டும். அன்று அவருக்கு இரண்டையும் தவிர்த்துவிட்டு வெனிலாச் சர்க்கரையில் செய்தேன். காயைக் கீறிச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் இரண்டு வாரத்தில் சர்க்கரையே மணக்கும். அப்போதிலிருந்து ஆர்டர் எடுக்கும்போது எசென்ஸில் என்ன இருக்கிறது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாம் வாசனை என்றால் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்று எது என்று கேட்டால், கருப்பட்டிக் கேக்கில் வெனிலாவைத் தூக்கிவிட்டுச் சுக்கும் ஏலக்காயும் போடுவது. கருப்பட்டிக்கென்று ஒரு புகை வாசம் இருக்கிறது, வெனிலா அதோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் இருக்கும் என்பதால் கட்டாயம் வடிகட்டி, அரை டீஸ்பூன் சுக்குப் பொடியும் அரை டீஸ்பூன் ஏலப்பொடியும் இளஞ்சூடான நெய்யில் கலந்து ஐந்து நிமிஷம் விட்டுப் பிறகு மாவில் சேர்ப்பேன். நெய்யில் இறங்கிய வாசம் கேக்கில் தங்கும். ஏலக்காயை அன்றன்று பொடித்தால்தான் உண்டு. பொடித்து டப்பாவில் வைத்தது ஒரு மாசத்தில் மரத்தூளாகிவிடும். சாக்லேட் கேக்காக இருந்தால் வெனிலாவுக்குப் பதில் ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன் இரண்டு டேபிள்ஸ்பூன், அந்த அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொண்டு. காபி தனியாகத் தெரியாது, சாக்லேட் இன்னும் கறுத்த மாதிரி இருக்கும். பெப்பர்மின்ட்டைச் சாக்லேட் தவிர வேறு எதிலும் மாற்றாகப் போட எனக்கு மனசு வரவில்லை. சாதாரணக் கேக்கில் போட்டால் பற்பசை ஞாபகம்தான் வருகிறது.

புதிதாக எதை மாற்றினாலும் முழுக் கேக்கில் இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கரண்டி மெத்தென்ற வெண்ணெய், ஒரு கரண்டி பொடித்த சர்க்கரை, குச்சி நுனியில் தொட்ட எசென்ஸ். குழைத்து, கால் மணி நேரம் விட்டு நாக்கில் வையுங்கள். பாட்டிலில் முகர்ந்தால் எல்லாமே மூக்கில் குத்தும், வெண்ணெய்க்குள் போன பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும்.

போன மாசம் அம்மா ஃபோன் செய்தாள். எழுபது வயதிலும் அவளே கேக் போடுகிறாள். "ஏட்டி, வெனிலா தீர்ந்துட்டு. உங்கப்பா பிறந்தநாளு நாளைக்கு. என்ன போட?"

"வீட்டுல என்னம்மா இருக்கு?"

"எலுமிச்சம்பழம் இருக்கு, ஏலக்காய் இருக்கு. அந்தப் பாதாம் பாட்டிலு ஒண்ணு நீ போன தடவை வச்சிட்டுப் போனியே, அது இருக்கு."

எலுமிச்சைத் தோலைத் துருவிச் சர்க்கரையில் கசக்கச் சொன்னேன். பாதாம் இரண்டே சொட்டு, மூடியில் வேண்டாம், மருந்து டிராப்பரில் எடு என்றேன். "அது வேண்டாம்ட்டி" என்றாள் உடனே. சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு சொட்டு போதுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் ராத்திரி அப்பாதான் பேசினார். கேக் எப்படி என்று கேட்டேன். மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருக்கிறேன், அம்மா எதை மாற்றிப் போட்டாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள், நீயாவது சொல் என்றார்.